டிம்மர் வாங்குறதுக்கு முன்னாடி பல்பைப் பாருங்க

[காட்சி: இருட்டு அறை. ஒரு கை சுவரில் உள்ள குமிழைத் திருப்புகிறது. சீலிங்கில் ஆறு டவுன்லைட். ஐந்து சீராக மங்குகின்றன, ஒன்று துடிக்கிறது.]

அந்த ஆறாவது லைட்டைப் பாருங்க. மத்த அஞ்சும் ஒழுங்கா மங்குது, அது மட்டும் துடிச்சுக்கிட்டே இருக்கு. இந்த மாதிரி வந்தா பெரும்பாலும் என்ன செய்வாங்க? டிம்மரைக் கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டுவாங்க. அதுலயும் துடிக்கும். காரணம் சின்னதுதான்: அந்த ஆறாவது பல்பு வேற கம்பெனி பல்பு. அதுக்குள்ள இருக்கிற டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு ஏத்த மாதிரி கரண்ட்டை மாத்திக் கொடுக்கிற சர்க்யூட், வேற. அந்த டிரைவருக்கும் இந்த டிம்மருக்கும் ஒத்துப்போகல.

டிம்மரைத் தனியா ஒரு பொருளா நினைச்சு வாங்குனா இதுதான் நடக்கும். அதனால பல்பு என்னன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. டிம்மர் அதுக்கு அப்புறம்.

[காட்சி: ஏசி அலை. மேலும் கீழும் போகும் கோடு.]

பழைய காலத்து டிம்மர் வெறும் ரெசிஸ்டன்ஸ். பல்புக்குப் போற கரண்ட்டை வழியில மறிச்சு, மிச்சத்தைச் சூடா வெளியே தள்ளும். 1959ல ஜோயல் ஸ்பைரா சுவர் சுவிட்ச் பெட்டிக்குள்ளயே அடங்குற செமிகண்டக்டர் டிம்மரை உருவாக்கினார். இன்னைக்கு வீட்டுச் சுவர்ல இருக்கிறது அந்த வம்சம்தான். இது கரண்ட்டை மறிக்கிறது இல்ல, வெட்டுது.

50 ஹெர்ட்ஸ் சப்ளைல ஒரு அரை அலைக்கு 10 மில்லி செகண்ட். செகண்டுக்கு 100 அரை அலை. 60 ஹெர்ட்ஸ்னா 8.3 மில்லி செகண்ட், 120 அரை அலை. ஒவ்வொரு அரை அலையிலயும் ஒரு பகுதியை டிம்மர் வெட்டி எடுத்துடும். குமிழ் நடுவுல இருந்தா, 10 மில்லி செகண்ட்ல 5 மட்டும்தான் பல்புக்குப் போகுது. குண்டு பல்போட இழை அந்த இடைவெளியில ஆறிப்போறதுக்கு நேரம் கிடையாது, அதனால கண்ணுக்குத் தெரியாது.

எந்தப் பக்கத்தை வெட்டுறோம்ங்கிறதுதான் இங்க முக்கியம்.

[காட்சி: அலையின் முன்பாதி அழிகிறது. கோடு செங்குத்தாக எழும்புகிறது.]

முன்பக்கத்தை வெட்டுறது லீடிங் எட்ஜ். உள்ளே டிரயாக்னு, கரண்ட்டைத் திறந்துவிட்டு மூடுற ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கும். 230 வோல்ட் சப்ளையோட உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். நடுவுல வெட்டுனா, சைபர்ல இருந்து ஒரே தாவல்ல 325க்கு ஏறும். குண்டு பல்பு இதைக் கண்டுக்காது. எல்.இ.டி. பல்போட டிரைவர்ல வாசல்லயே மின்சாரத்தைச் சேத்துவைக்கிற ஒரு கெப்பாசிட்டர் நிக்குது பாருங்க, அதுக்கு இது செகண்டுக்கு நூறு அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மடக்கு கரண்ட்டை இழுக்கும். 'ஙொய்'னு ஒரு சத்தம் கேட்குதே, அது பெரும்பாலும் இங்க இருந்துதான் வருது.

[காட்சி: இப்போது அலையின் பின்பாதி அழிகிறது.]

பின்பக்கத்தை வெட்டுறது டிரெய்லிங் எட்ஜ். சைபர்ல ஆரம்பிச்சு அலையோடவே மெதுவா ஏறி, நடுவுல நின்னுடும். கெப்பாசிட்டருக்கு அடி விழாது. வீட்டுல எல்.இ.டி.க்கு டிம்மர் வாங்குறவங்களுக்கு நாங்க முதல்ல சொல்றது இதைத்தான். விலை கொஞ்சம் கூட இருக்கும், ஆனா சத்தமும் துடிப்பும் குறையும். ஒரே ஒரு இடத்துல இது ஆகாது: இரும்பு கோர் வச்ச, கம்பி சுத்துன பழைய டிரான்ஸ்ஃபார்மர். காயில்ல ஓடுற கரண்ட்டைப் பாதியில வெட்டுனா அது திருப்பி ஒரு வோல்டேஜ் உதை கொடுக்கும். டிம்மர் போயிடும்.

டிம்மர் முகப்பிலயோ பின்பக்கத்திலயோ ஆர், எல், சி-ன்னு எழுத்து இருந்தா அதுக்கு அர்த்தம் இதுதான். ஆர்னா சாதா இழை பல்பு. எல்னா காயில். சின்னா கெப்பாசிட்டர், அதாவது எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர், டிரைவர். ஆர்-எல் போட்டிருந்தா முன்பக்கம் வெட்டுறது. ஆர்-சி போட்டிருந்தா பின்பக்கம். மூணும் போட்டிருந்தா ரெண்டு விதமாவும் வெட்டும்.

[காட்சி: டிம்மர் லேபிளின் நெருக்கமான படம்: 40–400 வாட்.]

இந்த லேபிள்ல ரெண்டு நம்பர் இருக்கு. எல்லாரும் பெரிய நம்பரைத்தான் பார்ப்பாங்க. வம்பு பண்றது சின்ன நம்பர்.

டிரயாக் திறந்தே இருக்கணும்னா அது வழியா குறைஞ்சபட்சம் கொஞ்சம் கரண்ட் ஓடணும். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்ல சுமார் 260 மில்லி ஆம்பியர் இழுக்கும், கவலையே இல்ல. 7 வாட் எல்.இ.டி. மூணு மாட்டுனா மொத்தமே 21 வாட். லேபிள்ல கேட்கிறது 40. பாதி அலையில டிரயாக் மூடிக்கும், திரும்பத் திறக்கும், மறுபடி மூடும். நீங்க பார்க்கிற துடிப்பு அதுதான். இதுக்கு நேரான வழி, 3 அல்லது 5 வாட்ல ஆரம்பிக்கிற எல்.இ.டி. டிம்மர். இல்லன்னா, டிம்மர் தயாரிப்பாளரே தர்ற பைபாஸ் பாகத்தை, அதாவது தன் வழியா கொஞ்சம் கரண்ட்டை ஓடவிடுற பாகத்தை, லைட்டுக்கு இணையா மாட்டலாம். வரிசையில ஒரு குண்டு பல்பை மட்டும் விட்டுவைக்கிற தந்திரமும் வேலை செய்யும். ஆனா மிச்சம் பிடிக்கத்தானே எல்.இ.டி.க்கு வந்தோம்!

இப்ப பெரிய நம்பர். 400 வாட்டுங்கிறது குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி.க்குத் தனியா ஒரு நம்பர் அச்சடிச்சிருப்பாங்க, அதை எடுத்துக்கோங்க. அப்படி எதுவும் இல்லன்னா கால்வாசிக்கு மேல போகவே கூடாது. பத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கிட்டா நிம்மதி. 9 வாட் டவுன்லைட் 12 இருந்தா 108 வாட். 400 வாட் டிம்மரோட கால்வாசி 100. தாண்டிடுச்சு. ரெண்டு டிம்மரா பிரிச்சுடுங்க. வாட் இவ்வளவு குறைவா இருந்தும் ஏன் இந்தக் கட்டுப்பாடுன்னா, அந்த 12 கெப்பாசிட்டரும் ஒரே நேரத்துல கரண்ட் இழுக்குது. பாகம் எரியுறது சராசரி கரண்ட்டால இல்ல, அந்த ஒரு நொடி இழுப்பால.

டிம்மர் லேசா வெதுவெதுன்னு இருக்கிறது இயல்பு. கை வைக்க முடியலன்னா லோடு அதிகம், இல்ல பெட்டிக்குள்ள காத்தோட்டம் இல்ல. ரெண்டு மூணு டிம்மரை ஒரே பிளேட்ல பக்கத்துப் பக்கத்துல வச்சா ஒவ்வொண்ணோட கொள்ளளவும் குறையும். எவ்வளவுன்னு கூட வர்ற தாள்ல அட்டவணை இருக்கும்.

[காட்சி: பல்பு அட்டைப்பெட்டி. 'டிம்மபிள்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம்.]

பல்பு பக்கம் வருவோம். பெட்டியில டிம்மபிள்னு இல்லாத எல்.இ.டி.யை டிம்மர்ல மாட்டவே வேண்டாம். முக்கால்வாசி வரைக்கும் எந்த மாற்றமும் தெரியாது, அப்புறம் பொட்டுன்னு அணைஞ்சுடும். இல்லன்னா கண்டபடி மினுக்கும். டிரைவரும் சீக்கிரம் சாகும்.

டிம்மபிள்னு இருந்தாலும் எவ்வளவு தூரம் இறங்கும்னு பாருங்க. நம்ம கண்ணு வெளிச்சத்தை நேர்கணக்குல பார்க்கிறது இல்ல. மீட்டர்ல 25 சதவீதம்னு காட்டுனா கண்ணுக்குப் பாதி. 10 சதவீதம்னா கண்ணுக்கு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. 1 சதவீதத்துக்கு இறங்குனாதான் பத்துல ஒரு பங்கு மாதிரி தெரியும். அதனால '10 சதவீதம் வரை'ன்னு போட்ட பல்பு ஆபீஸுக்குத் தாராளம். படுக்கையறையிலயும் படம் பார்க்கிற அறையிலயும் அது போதாது. அங்க 1 சதவீதத்துக்கு இறங்குறதை வாங்குங்க.

இன்னொண்ணு நிறம். குண்டு பல்பு மங்க மங்க மஞ்சளாகும், அதுதான் அந்த இதமான வெளிச்சம். சாதா எல்.இ.டி. 3000 கெல்வின்னா கடைசி வரைக்கும் 3000தான். மங்குனா கொஞ்சம் சோகையாத் தெரியும். 2700ல இருந்து 1800 கெல்வின் வரைக்கும் நிறத்தையும் சேர்த்து இறக்குற பல்பு இருக்கு. சாப்பாட்டு மேசைக்கு மேல அது அழகு. ஆபீஸுக்குத் தேவையில்ல.

ஒரு அறைக்கு ஒரே மாடல் பல்பா வாங்குங்க, கூட ரெண்டு எடுத்துவைங்க. அதே பேர்ல அதே பெட்டியில வருஷம் கழிச்சு வாங்குனாலும் உள்ளே டிரைவர் மாறியிருக்கலாம். சோதிச்சுப் பார்க்கும்போது ஒரே ஒரு பல்பை மாட்டிப் பார்க்காதீங்க. லோடு போதாம துடிச்சுட்டு, நல்ல ஜோடியையும் கெட்டதுன்னு காட்டும்.

[காட்சி: சுவிட்ச் பெட்டி திறந்திருக்கிறது.]

மாட்டுற வேலை. எம்.சி.பி.யை இறக்கிட்டு மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பாதீங்க. டிம்மர் மாட்டுறதுக்கு முன்னாடி சாதா சுவிட்ச்லயே எல்லா லைட்டையும் ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்க. ஹோல்டர்ல எங்கயாவது ஷார்ட் இருந்தா எம்.சி.பி. விழுறதுக்குள்ள டிரயாக் போயிடும். இந்த ஒரு நிமிஷ வேலையை விட்டதால புது டிம்மர் மாட்டுன அன்னைக்கே செத்துப்போறது உண்டு.

ரெண்டு வயர் டிம்மர்ல ஃபேஸ் உள்ளே, லைட்டுக்குப் போற வயர் வெளியே. நியூட்ரல் அதுக்குள்ள போகாது. ஸ்மார்ட் டிம்மர்ல பலதுக்கு நியூட்ரல் வேணும். பெட்டிக்குள்ள நியூட்ரல் இருக்கான்னு பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க. நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் டிம்மர் தனக்கு வேண்டிய கரண்ட்டை பல்பு வழியாத்தான் எடுத்துக்கும். லைட்டை அணைச்ச பிறகும் ராத்திரியில லேசா மின்னுதுன்னா காரணம் அதுதான். இதுக்கும் முன்னாடி சொன்ன பைபாஸ் பாகமே மருந்து. படிக்கட்டு மாதிரி ரெண்டு இடத்துல இருந்து போடுற லைட்டுன்னா ஒரு பக்கம் மட்டும் டிம்மர், மறுபக்கம் டூ-வே சுவிட்ச். ரெண்டு பக்கமும் சாதா டிம்மர் வச்சா ஒண்ணு வெட்டுனதை இன்னொண்ணு திரும்ப வெட்டும்.

சீலிங் ஃபேன், பிளக் பாயிண்ட், எமர்ஜென்சி லைட். இந்த மூணுக்கும் லைட் டிம்மர் கூடவே கூடாது. ஃபேனுக்கு அதுக்குன்னு உள்ள ரெகுலேட்டர்தான்.

[காட்சி: டிம்மர் குமிழ் கழற்றப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சின்னத் திருகு. திருப்புளி முனை அதில் உட்காருகிறது.]

மாட்டியாச்சு, ஆனா வேலை முடியல. இந்தச் சின்னத் திருகைத் தொடாமலே விட்டுடுறாங்க. இதுதான் கீழ் எல்லை. லைட்டைப் பத்து நிமிஷம் எரியவிடுங்க. குமிழைக் கடைசிக்கு இறக்குங்க. துடிச்சா, திருகைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. துடிப்பு நின்ன இடத்துக்கு மேல இன்னும் ஒரு நூல் ஏத்துங்க. இப்ப அணைச்சுட்டு, பத்து செகண்ட் விட்டு, குமிழைக் கீழ் எல்லையிலயே வச்சு மறுபடி போடுங்க. எல்லா பல்பும் எரியுதா? ஒண்ணு விழிக்கலன்னாலும் இன்னும் கொஞ்சம் ஏத்தணும். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் ஒரு தடவை பாருங்க; வோல்டேஜ் இறங்குற அந்த நேரத்துல கீழ் எல்லையில நிக்கிற பல்பு அணைஞ்சு போகலாம். கடைசியா போன் கேமராவை ஸ்லோ மோஷன்ல வச்சு லைட்டைப் பிடிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத மினுக்கலைக் கேமரா காட்டிக்கொடுக்கும்.

ஸ்ட்ரிப் லைட்டுக்கு வழி வேற. 12 அல்லது 24 வோல்ட் சப்ளைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவுல வேகமா ஆன்-ஆஃப் பண்ற டிம்மர் வரும். சாதா சப்ளைக்கு முன்னாடி சுவர் டிம்மரை வைக்காதீங்க. மின் பொறியாளர்கள் சங்கமான ஐ.இ.இ.இ.யோட 2015ல வந்த 1789 பரிந்துரைப்படி 3000 ஹெர்ட்ஸுக்கு மேல ஓடுனா மினுக்கல் பத்திக் கவலைப்பட வேண்டாம். ஸ்பெசிஃபிகேஷன்ல அந்த நம்பரைத் தேடுங்க.

[காட்சி: நீண்ட அலுவலக அறை. சீலிங்கில் வரிசையாக பேனல் லைட்.]

ஆபீஸ்ல நாற்பது பேனலை அலை வெட்டுற டிம்மர்ல ஓட்டுறது தலைவலி. அங்க மெயின் சப்ளையைத் தொடாம, தனி வயர்ல சொல்லி மங்கவைக்கிறாங்க.

எளிமையானது 1–10 வோல்ட். 10 வோல்ட்னா முழுசு, 1 வோல்ட்னா கீழ் எல்லை. அணையாது, அணைக்கத் தனி சுவிட்ச் அல்லது ரிலே வேணும். இதுல கோளாறு கண்டுபிடிக்கிறது சுலபம்: கன்ட்ரோல் வயர் எங்கயாவது அறுந்திருந்தா அதுக்கு அப்புறம் உள்ள லைட் முழு வெளிச்சத்துல நிக்கும், வயர் ரெண்டும் ஒட்டியிருந்தா, இல்ல பிளஸ் மைனஸ் மாறியிருந்தா கீழ் எல்லையில சிக்கிக்கும். ஊதா பிளஸ், சாம்பல் அல்லது புது டிரைவர்கள்ல ரோஸ் நிறம் மைனஸ். ஒவ்வொரு டிரைவரும் அந்த வயர்ல 2 மில்லி ஆம்பியர் வரை தள்ளலாம். 40 பேனல்னா 80 மில்லி ஆம்பியர். உங்க கன்ட்ரோல் 50தான் தாங்கும்னா, கடைசி வரைக்கும் இறங்கவே இறங்காது.

ஜன்னலோர வரிசையை மட்டும் எப்பவும் தனியா பிரிங்க. ஐரோப்பியத் தரமான ஈ.என். 12464-1 எழுத்து வேலை செய்யுற மேசைக்கு 500 லக்ஸ் கேட்குது. பகல்ல அதுல பெரும்பங்கு ஜன்னல்லயே கிடைச்சுடும்.

அடிக்கடி தடுப்புச் சுவர் மாத்துற ஆபீஸ்னா டாலி, அதாவது ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு முகவரி கொடுத்து டிஜிட்டலா கட்டளை அனுப்புற முறை. ரெண்டே வயர், பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டாம். ஒரு லைனுக்கு 64 முகவரி, 16 குரூப், 16 சீன் (சேமிச்சு வைக்கிற வெளிச்ச அமைப்பு). ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர்ல 300 மீட்டர் வரை போகலாம். மீட்டிங் ரூமை ரெண்டாப் பிரிச்சாலும் சீலிங்கைத் தொடாம கம்ப்யூட்டர்லயே குரூப்பை மாத்திடலாம்.

[காட்சி: அதே அலுவலகம். எல்லா பேனலும் மங்குகின்றன, ஒன்று மட்டும் முழு வெளிச்சத்தில் நிற்கிறது.]

இப்படி ஒண்ணு மட்டும் அடம் பிடிச்சா, சமீபத்துல அதுல டிரைவர் மாத்துனாங்களான்னு கேளுங்க. புது டிரைவருக்கு இன்னும் முகவரி கொடுக்கலன்னா, குரூப்புக்கு அனுப்புற கட்டளை அதுக்குக் கேட்காது. டிரைவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பழைய டிரைவரோட நம்பரை அதுக்குக் கொடுத்து, அதே குரூப்ல சேர்த்துடுங்க.