பிடித்த கை ஏன் விட மறுக்கிறது?

[காட்சி: புல்வெளியில் ஆடுகள். ஒரு குடை பட்டென்று விரிகிறது. ஓர் ஆடு விறைத்துச் சாய்கிறது.]

இந்த ஆடு மயங்கி விழவில்லை. கண் திறந்திருக்கிறது, நினைவும் தெளிவாக இருக்கிறது. தசைகள்தான் சில விநாடிகளுக்கு இறுகிவிட்டன. அமெரிக்காவின் டென்னசியில் 1880களிலிருந்து அறியப்பட்ட இந்த இனத்துக்கு ‘மயங்கும் ஆடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தப்பான பெயர்.

மனிதர்களுக்கும் இது வரும். மயோட்டோனியா கன்ஜெனிடா என்பார்கள். கை குலுக்கினால் பிடி உடனே தளராது. உட்கார்ந்து எழுந்தால் முதல் சில அடிகள் மரக்கட்டை மாதிரி இருக்கும். நடக்க நடக்க இளகிவிடும்.

[காட்சி: பழைய வட ஜெர்மனி ஊர்]

1876இல் இதை விரிவாக எழுதியவர் தாம்சன் என்ற மருத்துவர். நோய் அவருக்கே இருந்தது, அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அவருடைய மகன் ராணுவச் சேவைக்குப் போனபோது, நடிக்கிறான் என்று சந்தேகித்தார்கள். அதன் பிறகுதான் தாம்சன் எழுதினார். வெளியே தெரியாத நோயைச் சுமக்கும் யாருக்கும் அந்த அப்பாவின் கோபம் புரியும்.

[காட்சி: தசை இழையின் உட்புறம்]

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நரம்பு சொன்னதும் தசைச் சவ்வில் சோடியம் வாசல்கள் திறக்கும். மின்துடிப்பு ஓடும், தசை சுருங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் பொட்டாசியம் வெளியேறி, சவ்வின் நுண்குழாய்களுக்குள் தேங்கும். இடம் குறுகல் என்பதால் அந்தத் தேக்கமே அடுத்த துடிப்பைத் தூண்டப் பார்க்கும். அதை அடக்குவது குளோரைடு. ஓய்விலிருக்கும் தசைச் சவ்வின் மின்கடத்தலில் ஏறக்குறைய 80 சதவீதம் குளோரைடு வாசல் வழியாகத்தான். அந்த வாசல் பழுதானால், நரம்பு ஓய்ந்த பிறகும் தசை தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். சுருங்கும் வலிமைக்குக் குறைவில்லை, அடங்கத்தான் தெரியவில்லை. தசைக்குள் ஊசி மின்முனையை வைத்துப் பரிசோதிக்கும்போது, வேகம் ஏறி இறங்கும் மோட்டார் பைக் போல அந்தத் துடிப்பு ஒலிக்கும்.

இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்தால்தான் ஒரு வாசல். இந்தக் குளோரைடு வாசல் பழுதில் தாம்சன், பெக்கர் என்று இரு வகை. தாம்சன் வகையில் கெட்ட புரதம் கூட்டாளியையும் கெடுக்கிறது. அதனால் பழுதான மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். பெக்கர் வகையில் இரு பக்கமும் வர வேண்டும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள், சொந்தத்துக்குள் திருமணம் என்றால் வாய்ப்பு கூடும்.

இன்னொரு வகையில் பழுது சோடியம் வாசலில். சரியாக மூடாது. குளிரில் முகமும் விரல்களும் இறுகும். இதில் அசைக்க அசைக்க இறுக்கம் கூடும், முதலில் பார்த்ததற்கு நேரெதிர்.

இரண்டுக்குமே மெக்ஸிலெட்டின் உதவுகிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக வந்த மருந்து இது, சோடியம் வாசலைக் கொஞ்சம் அடக்கும். இசிஜி பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும்.

அப்புறம் ஒன்று. வீட்டில் யாருக்காவது இது இருந்தால், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சக்ஸினைல்கோலின் என்ற மருந்தைப் போட்டால் தாடை இறுகி, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தவே முடியாமல் போகலாம்.