உலை வாயை மூடலாம், ஊர் வாயை?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, மகளிர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, ரோட்டரி நண்பர்களே, வக்கீல் தம்பி அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மண்டபத்து ஐயாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எதைப் பற்றிய கூட்டம் என்று கேட்டதும், பக்கத்தில் இருந்தவர்கள் "கல்யாணம் நடக்கிற இடமாச்சுங்களே" என்று இழுத்தார்கள். ஐயா சாவியை எடுத்து என் கையில் வைத்து, "நம்ம பிள்ளைகளைப் பத்தித்தானுங்க பேசப் போறீங்க, பேசுங்க" என்றார். வாடகையும் வாங்கவில்லை. அவருக்குத் திருச்செங்கோட்டின் சார்பில் நன்றி. மைக் செட் போட்ட தம்பிக்கும், டீ கொடுத்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

மூன்று இடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீடு, பள்ளிக்கூடம், வேலை பார்க்கும் கம்பெனி. இந்த மூன்றிலும் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளும் திருநங்கைகளும், பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிற திருநம்பிகளும் என்ன பாடு படுகிறார்கள், பக்கத்தில் நிற்கிற நாம் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு.

மேடை ஏறினால் ஒரு பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. பிள்ளை வந்து தன் மனசைச் சொல்கிற அந்த நிமிடத்தில் பெற்றவர்கள் முகத்தில் எழுவது கோபம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நான் பார்த்தவரைக்கும் அது பயம். ஒறம்பரைக்கு, அதாவது சொந்தபந்தத்துக்கு, என்ன சொல்வது, பங்காளி என்ன பேசுவான், நாளைக்கு ஒரு சீருக்குப் போனால் யார் என்ன கேட்பார்கள் என்ற பயம். சரி, ஊர் வாயை மூட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் பிள்ளையின் வாயை மூடிவிடுகிறோமே, அது எந்த நியாயம்?

இது நோயா என்று இன்னமும் கேட்கிறார்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குற்றமா? அதுவும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. மாற்றித் தருகிறேன் என்று எந்த டாக்டராவது மருந்தோ ஊசியோ கொடுத்தால், அது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. அதற்கு வழி திறந்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் தமக்கே இதில் தெளிவு வேண்டும் என்று ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவர் கற்றுக்கொள்ளப் போனார் என்பதை நான் திரும்பத் திரும்ப எல்லா ஊரிலும் சொல்கிறேன்.

மலைமேல் ஆண்பாதி பெண்பாதியாக நிற்பவரைக் கும்பிட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அதைப் பற்றி மட்டுமே ஒரு சாயங்காலம் பேசலாம். இன்றைக்கு வேண்டாம், நேரம் இருக்காது.

வீட்டுக்கு வருகிறேன். சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருக்கிற ஒருவர், என்னிடம் பத்தாவது படித்தவர். அவரும் பையனும் சொல்லலாம் என்று சொன்ன அளவுக்குச் சொல்கிறேன். பையன் பிளஸ் டூ முடித்திருந்தான். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு அப்பா கேட்க, பையன் மறைக்கவில்லை. "எனக்குப் பசங்களைத்தாம்ப்பா பிடிக்குது" என்று சொல்லிவிட்டான். வீடே எழவு வீடாகிப் போனது. அம்மா பேச்சை நிறுத்தினார். குறி கேட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் அப்பாவுக்கு ஒரு ரோசனை வந்தது. லாரியில் ஏற்றிவிட்டால் நாலு ஆம்பளைகளோடு பழகி, ராத்திரி கண் முழித்துச் சரியாகிவிடுவான் என்று.

அப்போது நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு கிளம்புகிறது. சேகோ நம் பக்கத்துச் சரக்கு, தின்பது மகாராஷ்டிரக்காரர்கள். விரதம் என்றால் அவர்களுக்கு ஜவ்வரிசிக் கிச்சடிதான். அந்த வண்டியில் பையனைக் கிளீனராக ஏற்றிவிட்டு, டிரைவரிடம் சொன்னாராம்: "அண்ணா, இவனை ஆம்பளையாக்கிக் கொண்டாந்து விடுங்க."

டிரைவர் அஞ்சாவது வரை படித்தவர். ஸ்டியரிங் பிடித்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். கிருஷ்ணகிரி, பெங்களூரு, கர்னூல் என்று வண்டி போகிறது. பையன் வாயைத் திறக்கவில்லை, டிரைவரும் எதுவும் கேட்கவில்லை. ரோட்டோரம் நிறுத்தி, ஸ்டவ் பற்றவைத்து, சோறு வடித்து, ரசம் வைத்து முதல் தட்டை அவனுக்குப் போட்டார். அவன் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அப்போதும் கேட்கவில்லை. ஹைதராபாத் தாண்டி, அடிலாபாத்தும் தாண்டி, நடு ராத்திரியில் பையனே ஆரம்பித்தான்.

"அண்ணா, எங்கப்பா எதுக்கு என்னை அனுப்பிச்சாருன்னு தெரியுமா?"

"தெரியும் சாமி."

"உங்களுக்கு அருவருப்பா இல்லீங்களா?"

"ரோட்டுல எத்தனையோ மனுசங்களைப் பாத்தாச்சு கண்ணு. உன்னையாட்டப் பசங்களும் இருந்தாங்க, நல்லாத்தான் இருந்தாங்க. நீ சாப்பிடாம கெடக்கறியே, அதுதான் எனக்கு வெசனமா இருக்குது."

பையன் அழுதான். அவர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பினேன் என்று அவன் சொன்னான். அந்த மனிதர் புத்தி சொல்லவில்லை, ஐயோ என்று அலறவில்லை. "இப்ப அந்த நெனப்பு இருக்குதா சாமி?" என்று நேராகக் கேட்டார். மருத்துவர் அம்மா, இப்படி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது, பேச வழி கிடைக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அந்த டிரைவர் செய்தார். திரும்பி வரும்போது, "உங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் பேசினார். பிள்ளை சொன்னதை அவன் அனுமதி இல்லாமல் இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளுக்குத் துணை நிற்க விரும்புகிற எல்லாரும் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

ஷெட்டில் வண்டி நின்றது. முதலாளி ஓடி வந்தார். "என்னங்கண்ணா, ஆம்பளையாயிட்டானா?" டிரைவர் இறங்கி நின்று சொன்னார்: "மொதலாளி, மழையில லோடு நனையாம தார்ப்பாய் கட்டினது அவன்தானுங்க. அவனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. உங்களுக்குப் பயந்துதான் சாகப் போயிருக்கான். வண்டியைப் பத்திரமாக் கொண்டாந்துட்டேன். பையனை நீங்க பத்திரமாப் பாத்துக்குங்க."

இந்தக் கைதட்டலை அவரிடம் நான் சேர்த்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் அந்த அப்பா என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முதலில் கேட்டது, "வாத்தியாரய்யா, ஒறம்பரைக்கு என்னங்க சொல்றது?" என்றுதான். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது தம்பி, அது பேசிவிட்டுப் போகட்டும், உன் பிள்ளை உன்னிடம் பேசுகிறானா என்று பார் என்றேன். பையன் இப்போது கோயமுத்தூரில் படிக்கிறான். அப்பா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பையன் பஸ்ஸில் வந்து இறங்கினால் போய் நின்று கூட்டி வருகிறார்.

அமெரிக்காவில் ட்ரெவர் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இப்படிப்பட்ட இளைஞர்களிடம் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டது. தன்னை ஏற்றுக்கொள்கிற பெரியவர் ஒரே ஒருவராவது இருந்தால், அந்தப் பிள்ளை தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவாக இருந்ததாம். அந்த ஒருவர் அப்பா அம்மாவாக இருந்தாக வேண்டும் என்றில்லை.

இங்கேதான் நான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு டிரைவர் வாய்க்க மாட்டார். நாமக்கல், ஈரோடு, திருப்பூர் என்று நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடித் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். விடிந்தால் பரீட்சை, படுத்தால் பரீட்சை. கையில் போன் கிடையாது. நடையைப் பார்த்து, குரலைப் பார்த்துக் கூடப் படிக்கிறவர்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற பிள்ளை, ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் போய் நிற்கும்? வார்டனிடமா? விடுதியில் தங்கிப் படித்த மகளை இழந்த அப்பா சுக்தேப் சாஹா தொடுத்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கிற எந்தக் கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருந்தாக வேண்டும். பாலினச் சிறுபான்மைப் பிள்ளைகளிடம் பரிவோடு நடந்துகொள்ள ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

நான் கேட்பது இதைத்தான், ஒவ்வொரு மேடையிலும் கேட்பேன். முழுநேர ஆலோசகர் வேண்டும். விளையாட்டு ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்துக் கணக்குக் காட்டக் கூடாது. தனி அறை வேண்டும், தலைமையாசிரியர் அறை வழியாகப் போகிற அறையாக இருக்கக் கூடாது. பிள்ளை சொன்னதை, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, தாளாளரிடமோ வீட்டிலோ சொல்லக் கூடாது. வருசத்துக்கு இத்தனை பேருந்து வாங்குகிற பள்ளிகள் ஒரு ஆலோசகருக்குச் சம்பளம் தரலாம். நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட ஆட்சியருக்கான மனுவில் முதல் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினியை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் இரண்டே கட்டம் இருந்தது. நீதிமன்றம் ஏறிப் போராடி, 2017-இல் தர்மபுரியில் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார், திருநங்கையாக. திருநங்கையருக்கு நாட்டிலேயே முதலில் நல வாரியம் அமைத்ததும் தமிழ்நாடுதான், 2008-இல். இவ்வளவும் செய்த மாநிலத்தில் ஒரு பள்ளிக்கு ஒரு ஆலோசகர் முடியாதா?

கம்பெனிகளைப் பற்றி, குறிப்பாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரையும் எழுதுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். பின்னால் நிற்கிற பிள்ளைகள் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மருத்துவர் அம்மா பதில் சொல்வார். அம்மா, வாங்க.