பதில் முடிந்த பிறகு ஐந்து வினாடி

வணக்கம். படம் போடும் முன் கொஞ்சம் பேசுங்கள், பார்க்க வேண்டிய அரசியல் ஆவணப்படங்கள் நாலு சொல்லுங்கள் என்றார்கள். ஆவணப்படம் என்றதும் என் வயதுக்காரர்களுக்குத் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீல்தான் ஞாபகம் வரும். அமைச்சர் அணையைத் திறப்பார், ஒரு குரல் முழங்கும், நாம் முறுக்கு வாங்கப் போயிருப்போம். அந்தக் குரலை மறந்துவிடுங்கள். ஒரு படத்தை நம்பலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை சின்னது. ஒருவர் பதில் சொல்லி முடித்த பிறகு, காமிரா இன்னும் ஐந்து வினாடி அவர் முகத்திலேயே நிற்கிறதா?

ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' அப்படி நிற்கும். அயோத்தியில் பாபர் மசூதி இருந்த இடத்தில் ராமர் கோயில் கட்டவேண்டும் என்று அத்வானி கிளம்பிய 1990 ரத யாத்திரைக் காலத்தில் எடுத்தது. கோயில் கட்டக் கிளம்பிய ஒரு சட்டக் கல்லூரி மாணவரிடம், ராமர் எப்போது பிறந்தார் என்று கேட்கிறார். பையன் தடுமாறுகிறான். பட்வர்தன் உதவிக்கு வரமாட்டார். அதே படத்தில், அந்த இடத்துக்கு நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ் வருகிறார். இது பக்தி இல்லை, அரசியல் என்று நிதானமாகச் சொல்கிறார். படம் வந்த 1992-இலேயே மசூதி இடிக்கப்பட்டது. மறுவருடம் லால்தாஸைக் கொன்றுவிட்டார்கள். இது தெரிந்து பார்க்கும்போது, அவருடைய நிதானம்தான் நம்மைப் பதறவைக்கிறது.

பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' நீளமான படம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். 1997-இல் மும்பையில் தலித்துகள் வாழும் ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். அதைத் தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கு மாட்டிக்கொண்டார். பட்வர்தனின் பழைய படம் ஒன்றில் பாடியவர் விலாஸ். நண்பரின் சாவு ஏன் என்று கேட்டுக் கிளம்பிய பட்வர்தனுக்குப் படத்தை முடிக்கப் பதினான்கு வருடம் ஆயிற்று. நம் ஊரில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017). அதைப் பற்றி விளக்கமாட்டேன். சாப்பிடுவதற்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், ஆனால் பாருங்கள்.

சரி, இன்றைய படம். ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்', 2014. இந்தோனேசியாவில் 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் கொன்றார்கள். கொன்றவர்கள் தண்டனை இல்லாமல் அதே ஊர்களில் பெரிய மனிதர்களாக வாழ்ந்தார்கள். ஆதி என்பவரின் அண்ணனையும் கொன்றார்கள். ஆதி பிறந்ததே அதற்குப் பிறகுதான். அவர் தொழில் கண் பரிசோதனை. கண்ணாடிக் கடையில் மூக்குமேல் ஒரு சட்டகத்தை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார்களே, அதைக் கொலைகாரக் கிழவரின் முகத்தில் மாட்டிவிட்டு, அண்ணன் காலத்தைப் பற்றிக் கேட்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை. கேட்கப்பட்டவர்களுக்குத்தான் கோபம் வருகிறது. முடிந்துபோனதைக் கிளறாதே என்கிறார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு காட்சியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். தன் அப்பா கொன்றவர்களின் ரத்தத்தைக் குடித்தார் என்பது ஒரு மகளுக்கு அங்கேயே, ஆதியின் எதிரிலேயே தெரியவருகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். நான் நாலு தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் செருப்பைத் தேடாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடட்டும். இணை இயக்குநர் தொடங்கி, வேலை செய்த இந்தோனேசியர்கள் பலருக்கும் பெயர் இருக்காது. 'அநாமதேயர்' என்றுதான் வரும், ஒன்றன்கீழ் ஒன்றாக. அது ஓடி முடியும்வரை விளக்கைப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.