எந்த எழுத்தில் இடறுகிறது?

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பிள்ளை வாசிக்கத் திணறினால் 'இன்னும் நாலு தடவை படி' என்று சொல்லிவிடுகிறோம். எங்கே இடறுகிறது என்று பார்க்காமல் படிக்க வைத்தால், அதே இடத்தில் நாலு தடவை இடறும், அவ்வளவுதான். கண்ணையும் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லச் சொல்லாதீர்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்துவிடும். மீ, தொ, பை, ளு என்று கலைத்து எழுதிக் காட்டுங்கள். எதை எதுவாகச் சொல்கிறது என்று தேதி போட்டு அப்படியே குறித்து வையுங்கள்.

'கொடி' என்பதைச் சில பிள்ளைகள் 'கெரடி' என்று வாசிக்கும். கவனமில்லை என்று திட்டுகிறோம். உண்மையில் அது கவனமாகத்தான் பார்த்திருக்கிறது. கொம்பையும் க-வையும் சேர்த்து 'கெ' என்றது. மிச்சம் நின்ற துணைக்காலை 'ர' என்றது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. சின்னக் கண்ணுக்கு இது பெரிய சிக்கல். க-வைக் கறுப்பிலும், கொம்பையும் காலையும் சிவப்பிலும் எழுதுங்கள். 'சிவப்பு ரெண்டும் சேர்ந்து ஒண்ணு, க-வை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு' என்று சொல்லிக் கொடுங்கள். கொ, தொ, பொ, மொ நான்கும் தயங்காமல் வந்த பிறகு எல்லாவற்றையும் கறுப்பிலேயே எழுதுங்கள்.

உகர வரிசையில் குறி எழுத்துக்கு எழுத்து மாறும். அதனால் சு, பு, யு, வு ஒரு கூட்டம், து, நு, லு, று இன்னொரு கூட்டம் என்று உருவம் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். கு, டு, மு போன்றவை தனித்தனியாக வரட்டும்.

அடுத்தது புள்ளி எழுத்து. இதை நாமேதான் கெடுக்கிறோம். ட் என்பதை 'இட்' என்றும் ம் என்பதை 'இம்' என்றும் பழக்கியிருக்கிறோம். பிள்ளை 'பட்டம்' என்ற சொல்லை 'ப, இட், ட, இம்' என்று எழுத்துக் கூட்டுகிறது. எத்தனை தடவை கூட்டினாலும் அதிலிருந்து பட்டம் வராது. புள்ளி எழுத்தைத் தனியே உச்சரிக்க விடாமல் முந்தைய எழுத்தோடு ஒட்டிக் காட்டுங்கள்: பட், டம். அட், கட், தட், பட் என்று ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் போதும், பல பிள்ளைகளுக்குச் சொல் கூடிவரத் தொடங்கும்.

எழுத்தெல்லாம் தெரிந்தும் சொல் கூடவில்லையா? காதைப் பழக்குங்கள். புத்தகமே வேண்டாம். 'மரம்', முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'வ' போடு. இப்போது 'த' போடு. வரம், தரம் என்று வாயாலேயே மாற்றட்டும்.

வாசிப்புக்கு நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் பகுதி இப்போதைக்குக் கடினம், எளியதை எடுங்கள். தடுமாறும்போது உடனே சொல்லிக் கொடுக்காமல், மனத்துக்குள் ஐந்து எண்ணிப் பொறுங்கள். வராவிட்டால் அந்த எழுத்தில் விரல் வைத்து ஒலியைச் சொல்லி, வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க விடுங்கள். ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்கலாம்.

'அவர்கள்' என்றிருப்பதை 'அவங்க' என்று வாசித்தால் பதற வேண்டாம். பொருள் புரிந்து, வீட்டுப் பேச்சில் சொல்கிறது. ஏட்டுத் தமிழ் அதன் காதுக்கு இன்னும் புதிது. தினமும் ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கும் பிள்ளைக்கு மட்டும், படத்தை மூடி வைத்துச் சொல்லைக் காட்டுங்கள்.

மூன்று நான்கு மாதம் விடாமல் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால், கற்றல் குறைபாட்டை மதிப்பிடுபவரிடம் அழைத்துப் போங்கள். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, இருந்தாலும் அது அறிவுக் குறைவு அல்ல, சோம்பலும் அல்ல; குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். போகும்போது அந்தக் குறிப்புத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 'படிக்கவே மாட்டேங்கிறான்' என்று சொல்வதைவிட, 'கொடியைக் கெரடி என்கிறான்' என்பது அவருக்கு அதிகம் சொல்லும்.