யோகா டப்பாவுக்குள் பேய் வீடு

வணக்கம் மக்களே. பின்னால் அதே அலமாரி, அதே தூசி. ஆனால் மேல் தட்டைப் பாருங்கள், புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது.

நேற்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய மிக்ஸி மோட்டார்களுக்கு நடுவே ஒரு கட்டு டிவிடி. அதில் ‘ஹவுஸ்’! 1977இல் நொபுஹிகோ ஒபயாஷி எடுத்த ஜப்பான் பேய்ப் படம். இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி உங்களை அறுத்தேனே, அதேதான்.

கடைக்காரர் 200 என்றார். நான் 80 என்றேன். “தம்பி, ஃபாரின் டிஸ்க்கு.” “அண்ணே, கீறலைப் பாருங்க.” வேண்டாம் என்பதுபோல் நாலு கடை தள்ளிப் போய், ஒரு மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து 120க்கு முடித்தேன். மோர் 20 ரூபாய், அதையும் கணக்கில் சேர் என்கிறார் அம்மா. சேர்க்க மாட்டேன்.

ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன். டிஸ்க் இருந்தது ஏதோ யோகா டிவிடியின் டப்பாவுக்குள். நான் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்ப்பதைக் கிண்டலடித்தவர்கள் வரிசையாக மன்னிப்புக் கேட்கலாம்.

வீட்டில் போட்டால் ஓடவில்லை. ரீஜன் கோட்! உலகத்தில் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று டிவிடியில் போடும் பூட்டு. ஜப்பானுக்கு 2, நமக்கு 5. கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்றலாம். நாலு ஏற்கெனவே காலி. கடைசியையும் இதற்கே கொடுத்துவிட்டேன். இனி அந்த டிரைவ் ஆயுசுக்கும் ஜப்பான்தான்.

சப்டைட்டில் கிடையாது. பியானோ ஒரு பெண்ணைத் தின்கிறது, அதற்கு எதற்குச் சப்டைட்டில்? ஒபயாஷி தன் சின்ன மகளிடம் எதற்கெல்லாம் பயம் என்று கேட்டு, அதைத்தான் படமாக்கினார். பெரியவர்கள் யோசித்தால் காரணம் தேடுவார்கள். இந்தப் படத்தில் காரணமே கிடையாது, அதற்குத்தான் என் காசு. ‘முடிவு விளக்கம்’ வீடியோ போடச் சொல்லி இனி கேட்காதீர்கள், எரிச்சலாக வருகிறது.

நம் நாட்டிலேயே இப்படி ஒன்று உண்டு. கமல் ஸ்வரூப்பின் இந்திப் படம் ‘ஓம் தர்-ப-தர்’ 1988இல் எடுத்தது, தியேட்டருக்கு வந்தது 2014இல். நடுவில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த காப்பிகள்தான். அப்போது அதை வைத்திருந்தவரிடம் எவ்வளவு திமிர் இருந்திருக்கும்! எனக்கும் அந்தத் திமிர்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ராத்திரிதான் உறைத்தது. டிஸ்க் யோகா டப்பாவில் என்றால், ‘ஹவுஸ்’ அட்டைப்படத்தோடு அதன் டப்பா அந்தக் குவியலில்தானே கிடக்கும், உள்ளே யாரோ பத்மாசனம் போட்டபடி? அடுத்த வெள்ளி விடியற்காலையிலேயே கிளம்புகிறேன். மோர் வீட்டிலிருந்து.