கோயில் பங்கு சுருங்கினால் மரண உதவிச் சங்கம் என்ன ஆகும்?

[திரையில்: கொச்சிக்கடை, செவ்வாய்க்கிழமை]

செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. கத்தோலிக்கரோடு சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். இந்தக் கூட்டத்தை வைத்து எந்தப் பங்கு, அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட மக்கள் கூட்டம், வளர்கிறது, எது தேய்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு, குடும்பங்களிடம் சந்தா வாங்கி மரண வீட்டுக்குப் பணம் கொடுக்கும் மரண உதவிச் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் இலங்கை நாட்டுக் கணக்கு. 1981 குடிசன மதிப்பீட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஏறத்தாழ 6.9 பேர், 2012இல் 6.2. ஏனைய கிறிஸ்தவர்கள் அதே காலத்தில் ஏறத்தாழ 0.7இலிருந்து 1.4 ஆனார்கள். மொத்தம் இரண்டு மதிப்பீட்டிலும் 7.6தான். அந்தக் காலத்து அசைவெல்லாம் உள்ளேதான்.

கோயில் பதிவேட்டில் இந்த அசைவு தெரியாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறிய பெயர் இறங்குவதில்லை. உறுதிபூசுதலும் திருமணமும் அதே பக்கத்தின் ஓரத்தில் குறிக்கப்படும். ஆள் கனடாவில் இருந்தாலும் பெயர் கொட்டாஞ்சேனையில்தான். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் அங்கத்தவர் பட்டியல் தனியே உண்டு. அதைத் திருத்தினால்தான் உண்மை தெரியும். கத்தோலிக்கப் பங்கு எல்லை வைத்தது. கொழும்புக்கு வடக்கே வத்தளைக்கோ ஜா-எலைக்கோ வீடு மாறியவர் அங்குள்ள பங்கைச் சேர்ந்தவராகிவிடுகிறார். ஆனால் முப்பது வருஷம் கட்டிய சந்தா பழைய பங்கில் கிடக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தமிழ்த் திருப்பலிக்கு ஆள் குறைவதும் வேறு கதை: பிள்ளை சிங்கள, ஆங்கிலத் திருப்பலிக்குப் போனால் கத்தோலிக்கர் குறையவில்லை, தமிழ்ச் சங்கத்துக்குத்தான் ஆள் குறைகிறது.

[திரையில்: கணக்குப் பலகை]

இனி எண்கள். ஓர் உதாரணச் சங்கம்: 120 குடும்பங்கள், மாதச் சந்தா 300 ரூபாய். ஆண்டு வரவு 4,32,000. ஒரு மரணத்துக்குச் சங்கம் கொடுக்கும் கொடை 60,000. ஆண்டுக்கு ஐந்து மரணம் என்றால் செலவு 3,00,000, மிச்சம் 1,32,000. எல்லோரும் திருப்தி.

பத்து வருஷம் கழித்து இளம் குடும்பங்கள் போய் 80 மிஞ்சுகின்றன. மிஞ்சியவர்கள் வயதானவர்கள், மரணம் ஏழு. வரவு 2,88,000, செலவு 4,20,000. முன்பு மிஞ்சிய அதே 1,32,000 இப்போது துண்டு விழுகிறது. குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கே இது. கோயிலில் பெஞ்சுகள் நிறைந்தே தெரியும், சங்கத்தின் பணப்பெட்டி காலியாகிக்கொண்டிருக்கும்.

அப்போது குழு செய்யும் முதல் வேலை சந்தாவைக் கூட்டுவது. இதில்தான் பெரும்பாலான சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. 300 ரூபாய் 450 ஆனதும் முதலில் விலகுவது முப்பது வயதுக்காரர். வீட்டில் நோயாளி இல்லை, அவருக்கு அவசரமில்லை. எழுபது வயது அம்மா உள்ளவர் எவ்வளவு கூட்டினாலும் நிற்பார். விலகியவர் சுமை நின்றவர் தலையில் ஏறும், மறுபடி கூட்ட வேண்டி வரும். மரணத்துக்கு மரணம் வீட்டுக்கு 500 தண்டும் சங்கங்களுக்கும் இதே கதி: 120 வீட்டில் 60,000 கிடைத்தது, 80 வீட்டில் 40,000தான்.

சந்தாவைத் தொடுமுன் விதிகளைப் பாருங்கள். கொடை யார் யாருக்கு? கணவன், மனைவி, பிள்ளைகள், இரு பக்கப் பெற்றோர் என்று எழுதியிருந்தால் ஒரு சந்தா நான்கு முதியவர்களைச் சுமக்கிறது. அண்ணனும் தம்பியும் அங்கத்தவர்களாயிருந்தால் ஒரே அம்மாவுக்கு இரண்டு கொடை போகும். 'ஒரு மரணத்துக்கு ஒரு கொடை' என்ற ஒரு வரி பல சங்கங்களின் யாப்பில், அதாவது விதித்தொகுப்பில், இல்லை. புதியவருக்கு ஆறு மாதக் காத்திருப்பு வையுங்கள். இல்லாவிட்டால் அப்பாவை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அன்றே விண்ணப்பம் வரும். மூன்று மாத நிலுவை என்றால் உரிமை நிற்கும் என்பதையும் எழுதுங்கள், ஆனால் எழுத்தில் நினைவூட்டாமல் நிறுத்தாதீர்கள். செத்தவீட்டு வாசலில் வைத்துச் சொன்னால் அந்தக் குடும்பம் சங்கத்தை மட்டுமல்ல, கோயிலையும் விட்டுப் போகும்.

கையிருப்பு எவ்வளவு? சராசரி ஐந்து மரணம் என்றால், ஏறத்தாழ பதினைந்து ஆண்டில் ஓர் ஆண்டு ஒன்பதோ அதற்கு மேலோ வரும் என்று நிகழ்தகவுக் கணக்கு சொல்கிறது. ஒன்பதுக்கு 5,40,000 வேண்டும், வரவோ 4,32,000. ஆகவே ஓர் ஆண்டு வரவுக்குச் சமமான தொகையை நிலையான வைப்பில் போட்டுவிட்டுத்தான் கோயில் திருநாளுக்கு நன்கொடை கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். விலைவாசியும் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியது. முன்பு சவப்பெட்டிக்கும் வாகனத்துக்கும் போதிய கொடை சவப்பெட்டிக்கே போதாமல் போயிற்று. கொடைத் தொகையை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கட்டாயம் மீளாய்வு செய்ய வேண்டும்.

இன்னொரு கலப்படம்: வின்சென்ட் தே பவுல் சபையின் பணமும் இதுவும் ஒன்றல்ல. 1833இல் பரிஸில் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய அந்த இயக்கம் ஏழைக்குக் கொடுப்பது. வாங்குபவர் சந்தா கட்டுவதில்லை. மரண உதவிச் சங்கம் கட்டியவரின் உரிமை. இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டால், கட்டியவர் கையேந்துவதுபோல் கூசுவார், ஏழையிடம் கணக்குக் கேட்கப்படும்.

[திரையில்: தொடர்மாடி, மலர்ச்சாலை]

பொருள் உதவியும் மாற வேண்டும். கொழும்பின் நெருக்கமான தோட்ட வீடுகளுக்குக் கூடாரமும் நூறு கதிரையும் பெரிய உதவி. தொடர்மாடிக்குப் போனவர் உடலைப் பெரும்பாலும் இறுதிச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலையில்தான் வைப்பார். கதிரை அவருக்குத் தேவையில்லை, மண்டப வாடகையே தேவை. களஞ்சியத்தில் துருப்பிடிக்கும் கதிரைகளை விற்று அந்தப் பணத்தை நிதியில் சேருங்கள்.

கடைசி வழி, பக்கத்துப் பங்குச் சங்கத்தோடு இணைவது. 80ம் 80ம் சேர்ந்தால் மரணங்களின் ஏற்ற இறக்கம் ஓரளவு சமப்படும், இரண்டு பொருளாளர் தேட வேண்டியதில்லை. சண்டை வருவது கையிருப்பில். ஒரு சங்கத்திடம் குடும்பத்துக்கு 5,000, மற்றதிடம் 2,000 இருந்தால், குறைந்தவர்கள் வித்தியாசமான 3,000 ரூபாயை இரண்டு வருஷத்தில் மாதம் 125ஆகக் கட்டட்டும். இதை இணைப்புத் தீர்மானத்திலேயே எழுதி, இரு பொதுக்கூட்டங்களிலும் நிறைவேற்றி, கூட்டக் குறிப்பின் பிரதியை வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்த பிறகே பழைய கணக்குகளை மூடுங்கள்.