கடன் வாங்கி ஏழையாக நடிப்பவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வளரும் நாடுகளில் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குப் பெரிய தடை பணமா, சமூகமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பணம் என்றார். வங்கி கதவைத் திறந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்றார். கைத்தட்டல் வாங்கினார், நானும் தட்டினேன். பேச்சுக்காகத் தட்டினேன், கருத்துக்கு இல்லை.

சரி, அவர் ஆசைப்படியே பணத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். வட்டி கிடையாது, திருப்பித் தரவும் வேண்டாம். இலங்கையில் பொருளாதார ஆய்வாளர்கள் உண்மையிலேயே இதைச் செய்தார்கள். சிறுதொழில் நடத்துகிறவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, 10,000 அல்லது 20,000 ரூபாய் மதிப்புக்குப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் ஏறியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றுமே ஏறவில்லை.

"அப்படியானால் பெண்களுக்கு வியாபாரம் வராது" என்று சொல்ல உடனே நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை இந்தியாவிலும் கானாவிலும் நடந்த இதேபோன்ற ஆய்வுகளின் கணக்குகளோடு வைத்து மறுபடி புரட்டிப் பார்த்து 2019இல் எழுதினார்கள். வீட்டில் தொழில் நடத்துவது அந்தப் பெண் ஒருத்திதான் என்றால், ஆணுக்குச் சமமாக அவளும் சம்பாதித்திருக்கிறாள். கணவனுக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில்தான் பணம் அந்தப் பக்கம் மடை மாறியிருக்கிறது. இவர்கள் எல்லோரும் இளைஞர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பல வருடம் தொழில் நடத்தியவளுக்கே வீட்டுக்குள் இந்த நிலைமை என்றால், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பேச்சு அங்கே எடுபடுமா?

காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2016 வரை சட்டமே அப்படித்தான் இருந்தது. திருமணமான பெண் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கணவனின் அனுமதி வேண்டும். வங்கி கதவைத் திறந்தே வைத்திருக்கட்டும், உள்ளே போவதற்கே அவளுக்கு இன்னொருவர் தலையாட்ட வேண்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் வங்கதேசத்தின் கிராமீன் வங்கியைச் சொன்னார். அடமானம் இல்லாமல் ஏழைகளுக்குக் கடன் கொடுத்தது, 2006இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. உண்மைதான். ஆனால் அந்த வங்கியின் உறுப்பினர்கள் பதினாறு தீர்மானங்களை உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதில் ஒன்று வரதட்சணை கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம் என்பது. தடை வெறும் பணம் என்றால், ஒரு வங்கிக்கு வரதட்சணையோடு என்ன வேலை ஐயா? கொடுத்த கடன் எந்த ஓட்டை வழியாக ஒழுகும் என்று கடன் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது!

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தோற்றால் ஊர் சிரிக்கும் என்ற பயத்தைப் பற்றி எங்கள் அணியில் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். மாதச் சம்பளத்துக்கு இருக்கிற மரியாதை சொந்தத் தொழிலுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிட வினோதமாகப் படுவது, ஜெயித்துவிடுவோமோ என்கிற பயம்.

கேமரூனில் கடன் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2011இல் வெளிவந்தது. சில உறுப்பினர்களுக்குச் சங்கத்திலேயே சேமிப்பு இருக்கிறது. கடனை அடைக்கப் போதுமான சேமிப்பு. இருந்தும் அதைத் தொடாமல், அதே சங்கத்தில் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டபோது காரணம் வெளியே வந்தது: கடன்காரனாகத் தெரிந்தால் உறவினர்கள் பணம் கேட்டு வரமாட்டார்கள். தன் பணம் தன்னிடமே தங்குவதற்காக ஒருவன் வட்டி கட்டி ஏழையாக நடிக்கிறான்.

கென்ய கிராமங்களில் நடந்த ஒரு பரிசோதனையிலும் இதே வாடைதான். கையில் எவ்வளவு வந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க, வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார்கள் பெண்கள். உறவினர் பக்கத்தில் இருந்தபோது அது இன்னும் கூடியது.

சித்தப்பாக்களையும் மாமாக்களையும் வில்லனாக்க நான் வரவில்லை. ஓய்வூதியமும் காப்பீடும் இல்லாத இடத்தில் சொந்தபந்தம்தான் காப்பீடு. பலருக்கு முதல் முதலீட்டைக் கொடுப்பதும் அவர்கள்தான். ஆனால் வங்கிக் கடனுக்குத் தவணை உண்டு, ஒருநாள் தீரும். உறவுக் கடனுக்குத் தவணையும் கிடையாது, ரசீதும் கிடையாது. இரண்டாவது இயந்திரம் வாங்க வைத்திருந்த பணம் ஒரு கல்யாணத்துக்குப் போகும், அப்புறம் ஒரு வைத்தியத்துக்குப் போகும். இல்லை என்று சொன்னால் "பணம் வந்ததும் ஆளே மாறிவிட்டான்" என்பார்கள். அதனால்தான் புத்திசாலிப் பையன் கடையைப் பெரிதாக்காமலே இருந்துவிடுகிறான். வெளியில் இருந்து பார்த்தால் முதலீடு இல்லாமல் தேங்கிவிட்டான் என்று தோன்றும். எதிரணியினர் அவனைத்தான் தங்களுக்குச் சாட்சியாகக் கூட்டி வருகிறார்கள்.

"உறவினர்கள் கேட்பதும் பணம் இல்லாததால்தானே?" என்று அடுத்து வருபவர் மடக்கப் பார்ப்பார் என்று தெரியும். கேட்கட்டும். கேமரூன்காரரின் கணக்கில் பணம் இருந்தது, சங்கம் கடனும் கொடுத்தது. இரண்டும் இருந்தும் அவர் யாருக்குப் பயந்து வட்டி கட்டினார்? அதற்கு மட்டும் அடுத்து வருபவர் பதில் சொன்னால் போதும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அமர்கிறேன். நன்றி.